கரும்பலகைக்குப் பின்னால்

சாவித்திரிபாய் பூலே நினைவுப் பேருரை



இன்று மார்ச் 10. 1897ஆம் ஆண்டு இதே நாளில்தான் சாவித்திரிபாய் பூலே மறைந்தார். புணே நகரைப் பிளேக் நோய் சூறையாடிக்கொண்டிருந்த காலம். முண்ட்வாவின் மகார் குடியிருப்பிலிருந்து நோய் கண்ட ஒரு சிறுவனைத் தோளில் சுமந்து மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார். அந்த நோய் அவரையும் கொண்டுபோனது. 1848இல் புணேயில் பெண்களுக்கான பள்ளியில் பாடம் சொல்லித்தரப் போனபோது அவருக்கு வயது 17. வழியில் சாணியையும் சேற்றையும் அவர்மீது வீசினார்கள். பையில் மாற்றுப் புடவை ஒன்றை எடுத்துச்சென்று, பள்ளியில் மாற்றிக்கொண்டு பாடம் நடத்தினார். இந்தக் கதையை ஆண்டுதோறும் சொல்கிறோம். சொல்ல வேண்டும்தான். ஆனால் நாம் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. புடவையை மாற்றிக்கொண்ட பிறகு அந்த வகுப்பறைக்குள் அவர் என்ன செய்தார்? எப்படிச் சொல்லிக்கொடுத்தார்?

அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. பூலே தம்பதியின் பள்ளியில் படித்த முக்தா, மாங் சமூகச் சிறுமி. மூன்றாண்டுப் படிப்புதான். 14 வயதில் அவள் எழுதிய கட்டுரை 1855இல் 'ஞானோதயா' இதழில் வெளியானது. மாங்கு, மகார் மக்களின் துயரத்தைப் பற்றியது அது. வேதம் பிராமணருக்கு மட்டும் உரியது என்றால் எங்களுக்கு உரிய மதம் எது என்று அவள் கேட்டாள். தன் மக்களை நிலத்திலிருந்து விரட்டியதையும், கூரையில்லாமல் பிள்ளை பெறும் தன் சமூகப் பெண்களின் நிலையையும் எழுதினாள். அகரம் கற்றுத்தந்த எல்லா ஆசிரியரிடமிருந்தும் இப்படி ஒரு கட்டுரை வந்துவிடாது. தன் வாழ்வைத் தானே எழுதலாம், அது எழுதத் தகுந்தது என்ற நம்பிக்கையை அந்தப் பிள்ளைக்கு யாரோ தந்திருக்கிறார்கள். அந்தக் கற்பித்தலைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம். ஓர் ஆசிரியர் தனக்கென ஒரு கற்பித்தல் முறையை எப்படி உருவாக்கிக்கொள்கிறார்? அதில் சாதிக்கு என்ன வேலை? சாதியை மறுப்பவர்களுக்கு என்ன வேலை?

இந்த அவையில் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். நாளை ஆசிரியர் ஆகப்போகிற மாணவர்கள் இருக்கிறீர்கள். மாலையில் சேரிப் படிப்பகங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற தோழர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைத்தான் பேசப்போகிறோம். நாங்கள் செய்த ஒரு தவறையும் சேர்த்துப் பேசப்போகிறோம்.

1. பயிற்சிக்கு முன்பே வந்துவிட்ட பாணி

பி.எட். வகுப்பில் நுண்ணிலைக் கற்பித்தல் சொல்லித்தருகிறார்கள். பாடக்குறிப்பு எழுதச் சொல்லித்தருகிறார்கள். ஆர்வமூட்டல், பாட வளர்ச்சி, வலுவூட்டல், மதிப்பீடு என்று கட்டம் கட்டமாக எழுதி நிரப்புகிறோம். கடைசி நாளில் மூத்த பேராசிரியர் ஒருவர் எழுந்து, "இதையெல்லாம் அப்படியே பின்பற்றாதீர்கள், உங்களுக்கென்று ஒரு பாணியை உருவாக்கிக்கொள்ளுங்கள்" என்று வாழ்த்தி அனுப்புகிறார். நல்ல அறிவுரை. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பயிற்சிக் கல்லூரிக்குள் நுழையும் முன்பே நம் எல்லோரிடமும் ஒரு பாணி இருக்கிறது. அதை நாம் உருவாக்கவில்லை. வீடும் தெருவும் உருவாக்கித் தந்தவை அவை.

யாரை "தம்பி" என்கிறோம், யாரை "டேய்" என்கிறோம். கேள்வி கேட்டதும் நம் கண் முதலில் எந்தப் பெஞ்சுக்குப் போகிறது. டீ வாங்கிவர யாரை அனுப்புகிறோம், வகுப்பைக் கூட்ட யார் கையில் துடைப்பத்தைக் கொடுக்கிறோம். யார் நோட்டைக் கையில் வாங்கித் திருத்துகிறோம், யார் நோட்டை மேசைமேல் வைக்கச் சொல்லித் திருத்துகிறோம். உதவித்தொகைப் படிவம் வந்த அன்று, "எஸ்சி எல்லாம் எந்திரி" என்று சொல்கிறோமா, தனித்தனியாகக் கூப்பிட்டுத் தருகிறோமா. தப்பாகச் சொன்ன பிள்ளையிடம் "யோசிச்சுச் சொல்லு" என்கிறோமா, "உங்களுக்குத்தான் எல்லாம் ஓசியில கிடைக்குதே" என்கிறோமா. இவை எந்தப் பாடக்குறிப்பேட்டிலும் எழுதப்படுவதில்லை. ஆனால் எழுதிய பாடத்தைவிட இவைதான் தவறாமல் நடத்தப்படுகின்றன. தேர்வு வைக்காமலே பிள்ளைகள் இவற்றைப் படித்துவிடுகிறார்கள். சமூகவியலில் இதை மறைமுகப் பாடத்திட்டம் என்பார்கள்.

இந்தப் பாடத்தைப் படித்தவர்கள் நம் முன்னோடிகள். இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பதிவுசெய்திருக்கிறார். உடன் படித்தவர்களுக்குத் தன் சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் எட்டவே இருந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் பிடித்துப் பேச்சுக் கொடுத்துவிடாதபடி விரைந்து போய்விடுவார். எந்த ஆசிரியரும் அவரை வெளியே நிறுத்தவில்லை. ஆனாலும் மணி அடிக்கும்வரை அவர் வெளியில்தான் இருந்தார்.

சத்தாராவில் அண்ணல் அம்பேத்கர் கோணித்துணியை வீட்டிலிருந்து கொண்டுபோய் விரித்து உட்கார்ந்து படித்தது நமக்குத் தெரியும். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்பதும் தெரியும். பிறகு பம்பாய்ப் பள்ளியில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியை அவருடைய வரலாற்றில் படிக்கிறோம். ஒரு கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லி ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். உடனே வகுப்பில் ஒரே கூச்சல். மற்ற பிள்ளைகளின் சாப்பாட்டுப் பாத்திரங்கள் கரும்பலகைக்குப் பின்னால் இருந்தன. அவர் நெருங்கினால் சோறு தீட்டாகிவிடும் என்று பிள்ளைகள் ஓடிப்போய் அவற்றை எடுத்தார்கள்.

தோழர்களே, அந்த ஆசிரியரைக் கொஞ்சம் நினைத்துப்பாருங்கள். அவர் நல்லவர்தான். தீண்டப்படாத மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்தவர். இன்றைய மொழியில் சொன்னால், மாணவர் பங்கேற்புள்ள கற்பித்தல். ஆனால் கரும்பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. முறை சரி, கணக்கும் சரி. அவமானம் மட்டும் அந்தப் பையனுக்கு.

ஓம்பிரகாஷ் வால்மீகி 1997இல் வெளியான 'ஜூட்டன்' தன்வரலாற்றில் ஒரு வகுப்பைச் சொல்கிறார். துரோணர் வறுமையில் தன் மகனுக்குப் பாலுக்குப் பதிலாக மாவைக் கரைத்துக் கொடுத்த கதையை ஆசிரியர் உருகி உருகி நடத்துகிறார். வகுப்பே கலங்குகிறது. வால்மீகி எழுந்து கேட்கிறார்: அசுவத்தாமனுக்கு மாவுக்கரைசல் கிடைத்தது, சோற்றுக்கஞ்சி குடித்து வளர்ந்த எங்களைப் பற்றி ஏன் எந்தக் காவியமும் பேசவில்லை? பிரம்படிதான் பதிலாகக் கிடைத்தது. கதை சொல்லிப் பாடம் நடத்துவது அந்த ஆசிரியரின் தனிப்பாணி. பிள்ளைகளை உருக வைக்கும் ஆற்றலும் அவருக்கு இருந்தது. ஒரு மாணவன் தன் வாழ்வோடு அந்தக் கதையை இணைத்த அந்தக் கணம், எந்த ஆசிரியரும் வேண்டி நிற்கவேண்டிய கணம். அது அவருக்குத் திமிராகத் தெரிந்தது.

எனவே, தனக்கென ஒரு முறை என்பது புதிதாக எதையோ சேர்ப்பதில் தொடங்குவதில்லை. ஏற்கெனவே நம்மிடம் இருப்பதைச் சோதிப்பதில் தொடங்குகிறது.

2. ஆணையாக வந்த முறைகள்

தமிழ்நாட்டில் முறைகளுக்குப் பஞ்சமில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08இல் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. அட்டைகள், ஏணிப்படிகள், தாழ்நிலைக் கரும்பலகை. ஆசிரியர் நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகள் வட்டமாக, வகுப்பு கலந்து உட்கார்ந்தார்கள். கடைசிப் பெஞ்ச் என்ற ஒன்றே இல்லாமல் போனது. நம் பார்வையில் அது சிறிய மாற்றமில்லை. ஊர்ப்பிள்ளையும் சேரிப்பிள்ளையும் ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்கார்வதை எந்தச் சீர்திருத்தச் சொற்பொழிவும் அவ்வளவு எளிதாகச் செய்துவிடவில்லை.

ஆனால் அது ஆணையாக வந்தது. ஏன் வட்டமாக உட்கார வேண்டும் என்பதை மனதில் வாங்கிய ஆசிரியர் அதைத் தன் முறையாக்கிக்கொண்டார். வாங்காதவர் அட்டையை எண்ணி அடுக்கி, ஏணிப்படியில் குறியிட்டு, பார்வைக்கு வரும் அதிகாரிக்காகக் காத்திருந்தார். வட்டத்துக்குள்ளேயும் தனி வட்டம் போட முடியும் என்று காட்டியவர்களும் உண்டு.

2022இல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலையின்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். அழகான பெயர்கள். நிலையறிந்து கற்பிப்பது தேவையான ஒன்றும்கூட. ஆனால் ஒவ்வொரு ஆசிரியரும் தனக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். என் வகுப்பில் அரும்பு வரிசையில் யார் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்? எத்தனை மாதமாக? அரும்பு மொட்டாவதற்கு நான் என்ன செய்தேன்? இந்தக் கேள்வியை எந்தச் செயலியும் கேட்காது. கேட்பது ஆசிரியரின் சொந்த முறை.

நல்ல முறை ஒன்று கற்பவரின் தேவையிலிருந்தும் பிறக்கும். புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் சேர்ந்துகொண்டது. கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அது எந்தக் கல்வியியல் நூலிலும் இருந்த பாடம் அல்ல. அந்தப் பெண்களுக்கு எழுத்து வேண்டியிருந்தது, அதோடு யாரையும் கேட்காமல் போய்வரும் வழியும் வேண்டியிருந்தது. அதைக் கண்டுகொண்டவர்கள் ஆசிரியர்கள்.

3. நாங்கள் செய்த தவறு

இப்போது எங்கள் கதை. சில ஆண்டுகளுக்கு முன், நாங்கள் சிலர் சேர்ந்து ஓர் ஊர்ப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்பு நடத்தினோம். ஏழாம் வகுப்பு. ஊர்ப்பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் கலந்த வகுப்பு. பாவ்லோ ஃப்ரெய்ரேவைப் படித்துவிட்டுக் கொதித்துக்கொண்டிருந்த நேரம். பிள்ளைகளின் அனுபவத்திலிருந்து பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்தோம். "உங்க வீட்டுலேருந்து பள்ளிக்கூடத்துக்கு வர்ற வழியை வரைங்க" என்றோம்.

ஒரு பெண்பிள்ளை மிக அழகாக வரைந்திருந்தாள். புளியமரம், பம்புசெட்டு, ஏரிக்கரை, சுடுகாட்டுப் பாதை. எல்லாம் சரியான இடத்தில் இருந்தன. ஆனால் தேரடித் தெரு வழியாக நேராக வந்தால் ஐந்து நிமிடத்தில் பள்ளி. அவள் வழி ஏரிக்கரையைச் சுற்றி வந்தது. அந்த வரைபடத்தை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி நாங்கள் கேட்டோம்: "ஏம்மா இப்படிச் சுத்தி வர்றே? நேர்த்தெரு இருக்கே?"

விடை எங்களுக்குத் தெரியும். அவள் வாயால் வரவேண்டும், மற்ற பிள்ளைகள் கேட்கவேண்டும், அதிலிருந்து விவாதம் தொடங்கவேண்டும் என்பது எங்கள் திட்டம். அவள் பேசவில்லை. பின்னாலிருந்து ஒரு பையன், "அது எங்க தெரு சார்" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

வீட்டுக்குப் போனோம். அவளுடைய அம்மா நடவு முடிந்து வந்திருந்தார். எங்களைத் திட்டவில்லை. பாயை விரித்து உட்காரச் சொன்னார். பிறகு சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் கேட்டீங்க. ஆனா நீங்க சனிக்கிழம வந்துட்டுப் போயிடுவீங்க. அவ திங்கக்கிழம அதே புள்ளைங்ககூட ஒக்காரணுமில்ல?"

பல பயிற்சிப் பட்டறைகளில் கற்காததை அந்த ஒரு வரியில் கற்றோம். கரும்பலகைக்கு அழைத்த அந்த ஆசிரியர் செய்ததைத்தான் நாங்களும் செய்திருந்தோம். அவராவது தெரியாமல் செய்தார். நாங்கள் தெரிந்தே செய்தோம். ஒடுக்கப்பட்ட பிள்ளையின் காயத்தை எடுத்து ஒடுக்குகிறவரின் பிள்ளைக்குப் பாடமாக வைத்தோம். விளக்கம் சொல்லும் பொறுப்பைப் பாதிக்கப்பட்டவள் தலையில் வைத்தோம்.

அந்தப் பிள்ளை எங்கள் சனிக்கிழமை வகுப்புக்குத் திரும்பவில்லை. பள்ளியை நிறுத்திவிடவில்லை என்பது மட்டும்தான் ஆறுதல். இதை இந்த மேடையில் சொல்வதற்குக் காரணம், முற்போக்கான முறை என்பதாலேயே ஒரு முறை பாதுகாப்பானதாகிவிடாது என்பதை நாம் எல்லோரும் நினைவில் வைக்கவேண்டும் என்பதுதான்.

4. பிறகு மாற்றிக்கொண்டவை

நாங்கள் வகுப்பைக் கைவிடவில்லை, முறையை மாற்றினோம். வழி வரைவதற்குப் பதில் ஊர் முழுவதையும் வகுப்பே சேர்ந்து வரைந்தது. தனிப்பட்ட யார் வீடும் அதில் கிடையாது. குழு குழுவாகப் பிரிந்து தெருக்களைக் காலடியால் அளந்தார்கள். எந்தத் தெருவில் எத்தனை குழாய், எத்தனை விளக்கு, தார்ச்சாலை எங்கே முடிகிறது என்று எண்ணினார்கள். எண்களை அட்டவணையாக்கிக் கரும்பலகையில் எழுதினோம். பிறகு கேள்வியை ஒரு பிள்ளையிடம் வைக்காமல் அட்டவணையிடம் வைத்தோம். "இங்க ஒன்பது, அங்க ரெண்டு. ஏன் இப்படி?" பதிலை யாரும் எழுந்து சொல்ல வேண்டாம். பெயர் எழுதாத சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். வந்த சீட்டுகளில் ஒன்றில், "எங்க தெருவுக்கு மட்டும் எதுக்கு அவ்வளவு?" என்று இருந்தது. அதை எழுதியது யார் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனால் கேள்வி இடம் மாறிவிட்டது தெரிந்தது.

மொழியையும் மாற்றிப் பார்த்தோம். பிள்ளைகளின் பேச்சைச் சிவப்பு மையால் அடித்து அடித்துத்தான் நம் பள்ளிகள் அவர்களை ஊமையாக்கின. சேரித்தமிழ் கொச்சை என்றார்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' அந்தப் பேச்சுமொழியிலேயே வந்து இலக்கியமாக நின்றது. ஆனாலும் வகுப்பறையில் சிவப்பு மை நிற்கவில்லை. நாங்கள் நோட்டை இரண்டு பத்தியாகப் பிரித்தோம். ஒரு பக்கம் 'நாம சொல்றது', இன்னொரு பக்கம் 'புத்தகம் சொல்றது'. முதல் பத்தியில் எதையும் அடிக்கக்கூடாது. இரண்டாவது பத்தியைக் கறாராகக் கற்பிக்கவேண்டும். ஏனென்றால் தாசில்தாருக்கு எழுதும் மனுவும் தேர்வுத்தாளும் இரண்டாவது பத்தியில்தான் நடக்கின்றன. வீட்டுமொழியை மதிக்கிறோம் என்று சொல்லி எழுத்துத்தமிழையும் ஆங்கிலத்தையும் நம் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கொடுப்பது மதிப்பு ஆகாது, அது இன்னொரு வஞ்சகம்.

கணக்குப் பாடத்திலும் இப்படித்தான். ஒரு ஏக்கர் நடவை 6,000 ரூபாய்க்கு ஒரு குழு ஒத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 14 பேர் முழுநாள் வந்தார்கள், 2 பேர் அரைநாள் வந்தார்கள். ஆளுக்கு எவ்வளவு? பாடநூலில் பின்னம் புரியாத பிள்ளை இங்கே பதினைந்து பங்கு என்று உடனே சொல்கிறது. முழுப்பங்கு 400, அரைப்பங்கு 200. அடுத்துப் பரப்பளவு. 12 அடிக் கோலால் அளந்தால் ஒரு குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறத்தாழ 33 சென்ட். தஞ்சைப் பக்கத்துக் கூலிக் குடும்பங்களில் இந்த வாய்பாடு பாட்டிகளுக்குத் தெரியும். ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாமல் வேலிக்கணக்கை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் அவர்கள். கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அந்த மண்ணில் படிக் கணக்கும் மரக்கால் கணக்கும் வெறும் அளவைப் பாடமாக இருக்கமுடியாது.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை தேவை. பறையை வைத்துத் தாளமும் பின்னமும் கற்பிக்கலாம் என்று ஒரு தோழர் சொன்னார். நல்ல யோசனை. ஆனால் பறையைக் கொண்டுவந்து காலனிப் பிள்ளையின் கையில் மட்டும் கொடுத்தால், குலத்தொழிலை வகுப்புக்குள் கொண்டுவந்து வைத்ததாகிவிடும். எல்லாப் பிள்ளைகளும் அடிக்கவேண்டும். ஆசிரியரும் அடிக்கவேண்டும். துடைப்பத்துக்கும் அதே விதிதான். சுழற்சிப் பட்டியல் போட்டு, எல்லாச் சாதிப் பிள்ளைகளும், ஆணும் பெண்ணும், ஆசிரியர் பெயரும் சேர்ந்து இருக்கவேண்டும். தலித் பிள்ளைகளை, குறிப்பாக அருந்ததியர் பிள்ளைகளை, கழிப்பறை கழுவவைத்த செய்திகளை இன்னும் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நமக்குள்ளேயும் மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று பார்க்கும் பழக்கம் இருக்கிறது என்பதையும் இந்த அவையில் மறைக்காமல் சொல்லவேண்டும்.

இன்னொன்று, நாட்குறிப்பு. அன்றைய வகுப்பு முடிந்ததும் மூன்று வரி எழுதுவது. இன்று யாரைப் பெயர் சொல்லி அழைத்தேன்? யாரை ஒருமுறைகூட அழைக்கவில்லை? யாரைச் சிறுமைப்படுத்தினேன்? மாதம் ஒருமுறை கூடி ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டுகிறோம். முதல் மாதங்களில் மூன்றாவது வரியைக் காலியாக விட்டார்கள். பிறகு மெதுவாக எழுதத் தொடங்கினார்கள். தனிப்பாணி என்பதைத் தனியாக இருந்து உருவாக்கிவிட முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நம் குரலில் உள்ள சாதி நம் காதுக்குக் கேட்காது. பக்கத்தில் இருக்கிறவர் சொல்லித்தான் தெரியும்.

5. தலித் ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை

1918இல் அம்பேத்கர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். உடன் பணியாற்றிய பேராசிரியர்கள் சிலர், தங்கள் தண்ணீர்ப் பானையிலிருந்து அவர் குடிக்கக்கூடாது என்று எதிர்ப்புக் காட்டினார்கள். மாணவன் பீமராவுக்கு மறுக்கப்பட்ட தண்ணீர் பேராசிரியர் அம்பேத்கருக்கும் மறுக்கப்பட்டது. மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் சாதி விட்டுவிடும் என்பதில்லை. ஆசிரியர் அறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு இது தெரியும்.

அதனால் நம்மில் பலர் கண்டிப்பை ஒரு கவசமாகப் போட்டுக்கொள்கிறோம். மரியாதை வேண்டும் என்றால் பிரம்பு வேண்டும் என்று நினைக்கிறோம். நம் பிள்ளைகளிடம்தான் அதிகம் கைநீட்டுகிறோம். "நாங்க அடிவாங்கித்தான் இந்த இடத்துக்கு வந்தோம், நீயும் வரணும்" என்கிறோம். அன்பில்தான் சொல்கிறோம். ஆனால் நாம் வந்தது அடியினால் அல்ல, அடியை மீறி. அடியால் நின்றுபோன நம் வகுப்புத்தோழர்கள் இங்கே வந்து பேசமுடியாததால் அடி நல்லது என்று தோன்றுகிறது. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. 29ஆம் பிரிவு, அச்சமும் பதற்றமும் இல்லாமல் குழந்தை கற்க வழிசெய்யச் சொல்கிறது. சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்துவதை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பார்த்துக்கொள்ளும். அதற்கு வெளியே, சாதிப்பெயர் சொல்லாமலே சொல்லப்படும் சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாம்.

6. தனிமனித முறையின் எல்லை

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். நல்ல ஆசிரியர் ஒருவர் போதும், எல்லாம் மாறிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இந்த மாநிலத்தில் உள்ளன. ஆசிரியர் இடம் காலியாக இருக்கும் பள்ளியில், ஒரே அறையில் பல வகுப்புகளை ஒருவரே நடத்தும் பள்ளியில், கழிப்பறையில் தண்ணீர் இல்லாத பள்ளியில், "உங்கள் தனிப்பாணியை உருவாக்குங்கள்" என்று ஆசிரியரிடம் சொல்வது கேலி. அரசு தரவேண்டியதை அரசிடம்தான் கேட்கவேண்டும். ஆசிரியரின் அர்ப்பணிப்பைப் பாராட்டிப் பேசியே அரசின் கடமையை மறைக்க விடக்கூடாது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் உடன் படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் கட்டும் சாதிக் கயிறுகளைத் தடைசெய்வது, பள்ளிப் பெயர்களில் உள்ள சாதி அடையாளங்களை நீக்குவது எனப் பல பரிந்துரைகள் அதில் உள்ளன. அவற்றை முழுமையாக நடைமுறைப்படுத்தக் கேட்டுப் போராடுவது நம் வேலை. ஆனால் கயிற்றை அவிழ்க்கச் சொல்லி ஆணை போடலாம். கயிறு கட்டியிருந்த மணிக்கட்டை உடைய பையனிடம் திங்கட்கிழமை காலை என்ன பேசுவது என்று எந்த ஆணையும் எழுதித்தராது. அங்கே ஓர் ஆசிரியர்தான் நிற்கிறார். அவர் அன்று என்ன செய்கிறாரோ அதுதான் அவருடைய முறை.

அந்த அம்மா சொன்னதும் திங்கட்கிழமையைப் பற்றித்தான். நாம் பேசும் எல்லா முறைகளையும் அந்த ஒரு கேள்வியால் சோதித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். நான் இன்று செய்த இந்தப் பாடத்துக்குப் பிறகு, திங்கட்கிழமை இந்தப் பிள்ளை இந்த வகுப்புக்குள் முன்பைவிட நிமிர்ந்து வருமா, குனிந்து வருமா?

இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு போவோம். ஆசிரியர்கள் அந்த மூன்று வரி நாட்குறிப்பை நாளையே தொடங்கலாம். மாணவர்கள், உங்களுக்குப் பாடம் நடத்தியவர்களில் உங்களை நிமிரவைத்த ஒருவரையும் குனியவைத்த ஒருவரையும் நினைத்து, அவர் அன்று சரியாக என்ன செய்தார் என்பதை எழுதிப்பாருங்கள். பெயர் வேண்டாம், செய்தது மட்டும் போதும். அந்தக் குறிப்புகளை அடுத்த ஆண்டு இதே நாளில் இங்கே சேர்த்து வாசிப்போம். நம் பிள்ளைகளுக்கான கற்பித்தல் நூல் ஒன்று எழுதப்படும் என்றால், அது அங்கிருந்துதான் தொடங்கும்.

பதினான்கு வயது முக்தா எழுதியதை நாம் 170 ஆண்டுகள் கடந்து வாசிக்கிறோம். அவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்ற குறிப்பு நம்மிடம் முழுமையாக இல்லை. நம் பிள்ளைகளில் ஒரு முக்தா எழுதும்போது, அந்தக் குறிப்பும் கூடவே இருக்கட்டும்.